செவ்வாயில் தண்ணீர்

போசோ செக்கோவுக்கு வாரம் ஒருமுறை
லாரியில் தண்ணீர் கொண்டுபோகிறேன்.
காலாமாவிலிருந்து இரண்டரை மணி நேரம்.
வழியில் ஒரே ஒரு மரம்,
அதுவும் ஒரு பஸ் கவிழ்ந்த இடத்தில்
யாரோ நட்டது.
கணக்கில் வராத அரை வாளி அதற்கு.

ஊர்ப் பெயருக்கு வறண்ட கிணறு என்று அர்த்தம்.
பெயர் வைத்தவன் யாரையும் ஏமாற்றவில்லை.

இன்று காலை வானொலியில் சொன்னார்கள்:
எங்கோ ஒரு கோளின் காற்றில்
நீராவி தென்பட்டதாம்.
நூற்றுச் சொச்சம் ஒளியாண்டு.
அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டியிருந்தது.
ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான்
ஒளியாண்டு என்ற சொல்லைக் கடந்தார்.

நான் போய்ச் சேருமுன்பே
செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.
நீலப் பீப்பாய்களின் வரிசையில்
ஆளுக்கொரு தீர்ப்பு.

'அங்கிருந்து இங்கே கொண்டுவர
லாரி வாடகை யார் தருவது?'
இது இஸ்மேனியா.
என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்,
வாடகையை நான் ஏற்றிய மாதம் இது.

எலிசியோ சுரங்கத்தில் வெடி வைத்துக்
காதைத் தொலைத்தவர், எதையும் கத்தித்தான் சொல்வார்:
'செம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.
செம்பு இருந்தால் அந்தத் தண்ணீருக்கு
ஆயுசு கெட்டியில்லை.'

நோல்ஃபா நம்பவே இல்லை.
'எல்லாம் கம்ப்யூட்டர் வரைகிற படம்.
என் மைத்துனி கல்யாணப் போட்டோவில்
ஆறாவது விரல் வைத்ததே,
அதே கம்ப்யூட்டர்.'

'அந்த வெளிச்சம் கிளம்பியபோது
என் பாட்டனுக்கு மீசை முளைத்திருக்காது,'
என்றான் ருப்பெர்த்தோ.
'பழைய பேப்பர்.
இந்நேரம் வற்றிப்போயிருக்கும்.'

பிறகு பேச்சு பேட்டரிக்குத் தாவியது,
பத்து நிமிடத்தில் சார்ஜ் ஏறுகிற புது வகை.
அதில்தான் எல்லோருக்கும் ருசி.
நம் உப்பளத்து நீரை வெயிலில் காயவிட்டு
எடுக்கிற உப்புதான் அதற்குள் என்று
யாரோ ஆரம்பிக்க,
'உன் போனுக்குள்ளும்தான்' என்றாள் நோல்ஃபா.
கொஞ்ச நேரம் குழாய் மட்டும் பேசியது.

டெல்ஃபினா மலைமேல் தொலைநோக்கி நிலையத்தில்
படுக்கை விரிப்பு மாற்றுகிறவள்.
பகலில் தூங்குகிறவர்களின் திரைச்சீலைகளை
இழுத்து மூடிவிட்டு வருகிறவள்.
தன் முறை வந்தபோது சொன்னாள்,
பீப்பாயிலிருந்து கண்ணை எடுக்காமல்:
'அவர்களுக்கு ஈரம் ஆகாது.
கைக்குட்டை அளவு மேகம் வந்தாலும்
சாப்பாட்டு மேசையில் பேச்சிருக்காது.
நம் தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை,
அதனால்தான்
அங்கே இருக்கிற கொஞ்சம் தெரிந்தது.'

'என்ன சொன்னாள்?' என்று கத்தினார் எலிசியோ.
இஸ்மேனியா அவர் காதில் கத்தினாள்:
'நாம் காய்ந்து கிடப்பதால்தான்
அவர்களுக்குத் தெரிகிறதாம்!'
'அப்படியானால் கூலி கேள்.'

டெல்ஃபினாவின் பையனுக்குப் போன வாரம் பரீட்சை.
செவ்வாயில் தண்ணீர் உண்டா?
உண்டு, காலை பத்து மணிக்கு,
லாரி பழுதாகாமல் இருந்தால்,
என்று எழுதியிருக்கிறான்.
அந்தக் கோளுக்கும் இந்தக் கிழமைக்கும்
எங்கள் மொழியில் ஓரெழுத்துதான் இடைவெளி.
ஆசிரியை தப்புப் போட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால்
அரை மதிப்பெண் கொடுத்திருக்கிறாள்.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்,
எட்டாயிரம் லிட்டர் என்று ஏற்றினால்
இறக்கும்போது ஏழாயிரத்துத் தொள்ளாயிரம்தான்,
அந்த நூறு எங்கே போகிறது என்று
முதலில் யாராவது கண்டுபிடிக்கட்டும்
என்றிருப்பேன்.

திரும்பும் வழியில் மரத்தடியில் நிறுத்தினேன்.
பின்பக்கம் போய்ப் பார்த்தால்
வால்விலிருந்து சொட்டு.
தார்ச்சாலையில் விழுந்த இடம் தெரியாமல்
ஆவியாகிக்கொண்டிருந்தது.
எங்கிருந்தோ எவனோ
நூறு வருஷம் கழித்து இதைப் பார்த்து
இங்கே ஈரம் தென்பட்டதாக
வானொலியில் சொல்லக்கூடும்,
அங்கேயும் ஒரு வரிசை நின்று
அதைக் கிண்டல் செய்யக்கூடும்.

வாளியைக் கவிழ்த்தேன்.
வாஷர் மாற்ற வேண்டும்.